மூன்றாவது படம்

தாக் கீஹோவின் மகளுடைய கட்டியிலிருந்து சோதனைக்கு அறுத்த துண்டு என் மேஜைக்கு வந்தபோது அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலையிலேயே லேபில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். நோயாளியிடமிருந்து அறுத்தெடுத்த சதையைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்வது என் வேலை. அந்த வேலைக்கு நல்ல மனசு வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கண் கூர்மையாக இருந்தால் போதும்.

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கண்குழியின் வெளிப்பக்க மூலையில், மேல் இமைக்கு உள்ளே, பாதாம் பருப்பு அளவில் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அதில் அபூர்வமாக ஒரு கட்டி வரும். சாதுவான கட்டி. தன்னைச் சுற்றி மெல்லிய உறை போர்த்திக்கொண்டு, வருஷக்கணக்கில் அவசரமில்லாமல் வளரும். உறை கிழியாமல் முழுசாக எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. யாராவது அதைக் கீறிவிட்டால்தான் வினை. உள்ளே இருப்பது சிந்தும், சிந்திய இடத்திலெல்லாம் முளைக்கும், எடுக்க எடுக்கத் திரும்ப வரும். சில பேருக்குப் புற்றாகவே மாறிவிடும்.

என் முன்னால் இருந்தது அந்தக் கட்டிதான். ஆனால் ஒரே உருண்டையாக இல்லை. கொழுப்புக்குள்ளும் தசைக்குள்ளும் தீவு தீவாகக் கிடந்தது. ஒன்று, அது புற்றாக மாறி அக்கம்பக்கத்தை அரித்துக்கொண்டு போகிறது. அப்படியென்றால் கண்ணை எடுக்கவேண்டும். விழியை மட்டும் அல்ல, இமை, தசை என்று குழியில் இருக்கும் எல்லாவற்றையும் வழித்தெடுக்கவேண்டும். இல்லையென்றால், முன்பு யாரோ கை வைத்துச் சிந்தவிட்டது இப்போது மறுபடி முளைத்திருக்கிறது. அப்படியென்றால் முளைத்த இடங்களைப் பொறுக்கியெடுத்தால் போதும், கண் தப்பிவிடும். வெறும் சதையைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். முன்னால் அங்கே கத்தி போயிருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு சொல்லவேண்டும்.

ஆபரேஷன் செய்யப்போகிற புரொபசர் கில்லுக்குப் போன் போட்டேன். அந்த அம்மாளுக்கு ஹலோ சொல்கிற பழக்கம் கிடையாது.

"என்ன?"

"இந்தக் கண்குழிக் கட்டிப் பொண்ணுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?"

"இமையில மடிப்பு வெக்கற அந்த ரெட்டை இமை ஆபரேஷன் மட்டும்தான். பரீட்சை முடிஞ்ச கையோட எல்லாப் பொண்ணுங்களும் பண்ணிக்கறதுதானே. தோலோட சரி, உள்ளயே போகலைன்னு அவங்கப்பா சொல்றார். அவரேதான் பண்ணி விட்டிருக்கார்."

"அப்பாவேவா?"

"தாக் கீஹோ. சொமியோன்ல பெரிய கிளினிக். நீ ரயில்லதானே வர? ஸ்டேஷன்ல இறங்கினா சுவர் பூரா அந்தப் பொண்ணு மூஞ்சிதானேடீ."

போனை வைத்தேன்.

அந்தச் சுவரொட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். கொரியாவில், எங்கள் புசான் நகரத்தில் தெரியாதவர்கள் யார்? ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். இடது படத்துக்குக் கீழே 'முன்', வலது படத்துக்குக் கீழே 'பின்'. முன்னதில் தூங்கி வழிகிற முகம். பின்னதில் இமை மடிப்போடு மலர்ந்த கண்கள். கீழே பெரிய எழுத்தில், 'என் மகளுக்குச் செய்த அதே கை.' தினமும் அதைக் கடக்கும்போது மனசுக்குள் அந்தக் கைக்கு ஒரு சாபம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் மாறுவேன்.

அதே கைதான் என் தங்கை சோல்மிக்கும் செய்தது. கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த குளிர்காலம். ஹால் டிக்கெட்டைக் காட்டினால் கிளினிக்குகளில் தள்ளுபடி உண்டு. அம்மா அவளைக் கூட்டிப்போனாள். சோல்மியின் வலது மேல் இமையில் வெளிப்பக்க ஓரம் கொஞ்சம் கனமாக இருக்கும். தாக் கீஹோ தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்பும்மா, அதையும் சேர்த்து எடுத்துடறேன், பொண்ணு அழகாயிடுவா" என்றானாம். எடுத்தான். எடுத்ததை லேபுக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டான். சில வருஷம் கழித்து இமை வீங்கியபோது அது புற்றாக மாறியிருந்தது. என் தங்கையின் வலது கண்குழியைக் காலி செய்துதான் உயிரை மீட்டார்கள்.

நாங்கள் கொடுத்த புகாரை விசாரித்த சமரசக் குழுவின் முன்னால் அவன் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்லி டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "இந்த ஆபரேஷன்ல யார் கையும் அந்தச் சுரப்பி வரைக்கும் போகாதுங்க. என் கை இதுவரைக்கும் போனதே இல்லை. கட்டி அப்புறமா வந்திருக்கும்." குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஆதாரம்தான் குப்பைக்குப் போய்விட்டதே. எழுந்து வரும்போது அம்மா பழக்கதோஷத்தில் அவனுக்கு இடுப்பு வளைத்து வணக்கம் சொன்னாள். கண் போனதைக்கூட ஒருநாள் மறந்தாலும் மறப்பேன், அந்த வணக்கத்தை மறக்கமாட்டேன்.

நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை வைத்தியத்துக்குப் போவதாக இருந்தவள் பெத்தாலஜிக்குப் போனேன். படித்து முடித்து, சோல்மியின் பழைய ஸ்லைடுகளைத் தேடியெடுத்து, ஒரு அங்குலம் விடாமல் பார்த்தேன். ஒன்றில் கிடைத்தது, எலும்பு ஓரத்துத் தழும்பில் ஒரு துணுக்கு நீல நூல். சுரப்பி தொங்குகிறது என்று நினைத்தால் கிளினிக்காரர்கள் அதை மேலே தூக்கி எலும்போடு சேர்த்துக் கட்டுவார்கள். மற்றவர்கள் வெள்ளை நூலில் கட்டுவார்கள். நீல நூல்தான் பிடிக்கும் என்று தாக் கீஹோ டாக்டர்கள் கூட்டத்திலேயே பீற்றிக்கொண்டவன். ஆனால் வழக்குப் போடும் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஸ்லைடை என் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது அவன் மகளின் சதை என் முன்னால். மைக்ரோஸ்கோப்பில் வேறொரு கண்ணாடியை மாற்றினால், உடம்புக்குச் சொந்தமில்லாத பொருள் மட்டும் இருட்டில் மின்னும். மாற்றினேன். தீவுகளுக்கு நடுவே, எலும்பு ஓரத்துத் தழும்பில், மின்னியது. கண்ணாடியைத் திரும்ப எடுத்தேன். நீலம்.

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறை டெக்னீசியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிரித்து முடித்ததும் அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். நான் எந்தத் தப்பும் செய்யவேண்டியதில்லை. நூலைப் பற்றி எழுதாமல் விட்டால் போதும். அப்பாவே டாக்டர், அவரே உள்ளே போகவில்லை என்கிறார், கட்டியோ அக்கம்பக்கத்தை அரித்திருக்கிறது, ஆகவே புற்று. உலகத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அவன் பொய்யே அவன் மகளின் கண்ணைத் தோண்டிவிடும். அந்த எண்ணம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

சாயந்திரம் சோல்மியைப் பார்க்கப் போனேன். அவள் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாள் பூராவும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற வேலையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவள். கடைக்குப் பக்கத்தில் பன்றி சூப்பில் சோறு போட்டுத் தருகிற ஓட்டல் இருக்கிறது. சாம்பல் நிறம் பூசிய மூக்குக்கண்ணாடியோடு, அதன் வலது பக்கத்தில் ஒட்டவைத்த சிலிக்கான் கண்ணோடு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொண்ணுக்கு எந்தக் கண்ணு?"

"வலது."

"அந்தாளுக்கு வலது பக்கம்தான் கை நல்லா ஓடும் போல." உப்பு இறாலை அள்ளிச் சூப்பில் போட்டுக் கலக்கினாள்.

"சோல்மி, நூலைப் பத்தி எழுதாம விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"விட்டா?"

"கண்ணை வழிச்சு எடுத்துடுவாங்க."

அவள் சோற்றை மென்று விழுங்கினாள். பிறகு ஸ்பூனை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, உனக்குப் புத்திகித்தி பிசகிப்போச்சா? அவளுக்குக் குழி விழுந்தா எனக்கு இங்க முளைக்கவா போகுது? இன்னொருத்தி கண்ணை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அந்தாள் வாய் வேணும். அன்னிக்கு என் கை போனதே இல்லைன்னு சொல்லிச்சே, அதே வாய் போச்சுன்னு சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

"சொல்லமாட்டான்டீ."

"சொல்ல வை. இவ்வளவு படிச்சுக் கிழிச்சியே, எதுக்கு? சூப்பு ஆறுது, சாப்பிடு."

மறுநாள் காலையில் நூலைக் கில்லிடம் காட்டினேன். அந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தோல்ல போட்ட தையல் உள்ள நகர்ந்திருக்கும்னு அவர் சொல்லுவார். நகராதுன்னு நீ சத்தியம் பண்ணுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம்? ஒரு துணுக்கு நூலை நம்பி நான் புத்தை உள்ள விட்டுவெச்சு, பொண்ணு செத்துப்போனா? நான் ஏற்கெனவே ரெண்டு தரம் கேட்டுட்டேன். ரெண்டு தரமும் சிரிச்சுக்கிட்டே இல்லைன்னார். உள்ள போனேன், இன்ன இடத்துல கட்டினேன்னு அவர் வாயால வரணும். வந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துக் கண்ணைக் காப்பாத்தறேன். வரலைன்னா சனிக்கிழமை எல்லாத்தையும் எடுக்கறேன். எனக்கு அவ உயிர்தான் முக்கியம்."

"வாயை நான் திறக்க வெக்கறேன்."

"உன் மூஞ்சியே சரியில்ல இன்னிக்கு" என்றாள் கில். "சரி, திற."

மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம் தாக் கீஹோ மகளோடு என் அறைக்கு வந்தான். முடி நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் சோல்மி உட்கார்ந்திருந்தாள். நோயாளி விவகாரம் பேசும்போது வெளியாள் இருப்பது விதிமீறல்தான். வேண்டுமானால் எனக்கு மெமோ கொடுக்கட்டும். நனைந்த கோட்டைக் கழற்றி அவன் சோல்மியிடம் நீட்டினான்.

"எங்கயாவது மாட்டும்மா. அப்படியே ஒரு காபி கிடைச்சா நல்லாருக்கும்."

சோல்மி எழுந்து கோட்டை மாட்டினாள். மெஷினில் காபி பிடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். பெண்களின் கண்ணைப் பார்த்தே பிழைக்கிற மனுஷன், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் ராயூன் இருபதுகளின் நடுவில் இருந்தாள். வலது கண் கீழ்ப்பக்கமாகத் தள்ளப்பட்டு, முன்னால் பிதுங்கி நின்றது. அதன்மேல் முடியை இழுத்து விட்டிருந்தாள். கிளினிக்கின் விளம்பரப் பக்கத்தை இணையத்தில் நடத்துவது அவள்தானாம். சுவரொட்டியில் பார்த்துப் பார்த்து வெறுத்த முகம். நேரில் பார்த்தபோது அந்த முகத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சார், உக்காருங்க. இதைப் பாருங்க" என்றேன். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ரோஸ்கோப். "நடுவுல என்ன தெரியுது?"

"நூல் மாதிரி இருக்கு."

"என்ன கலர்?"

அவன் ஃபோகஸைத் திருகினான்.

"சார்?"

"நீலம். தோல்ல போட்டது. நகர்ந்து போயிருக்கும்."

அடுத்த ஸ்லைடை வைத்தேன். டிராயரில் பூட்டிவைத்திருந்தது. "இது வேறொருத்தரோடது. இதுவும் எலும்பு ஓரம். இதுவும் நகர்ந்து போச்சா?"

"நானும் பாக்கலாமா?" என்றாள் ராயூன். அவன் தடுப்பதற்குள் எழுந்து வந்து, நல்ல கண்ணை வைத்துப் பார்த்தாள். நான் ஸ்லைடுகளை மாற்றி மாற்றி வைத்தேன். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேப்பா."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"இப்ப புரியும்" என்றேன். "ராயூன், கேட்டுக்க. உங்கப்பா உள்ள போகலைன்னா உனக்கு வந்திருக்கறது புத்து. சனிக்கிழமை கண்ணை எடுத்துடுவாங்க. உள்ள போயிருந்தார்னா அன்னிக்குச் சிந்தினது இன்னிக்கு முளைச்சிருக்கு. கண்ணு பொழைக்கும். எதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான்."

"நீ வெளிய இரும்மா, டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"போகமாட்டேன். என் கண்ணுப்பா இது."

அவன் காபிக் கோப்பையைக் கையில் எடுத்தான், குடிக்காமல் வைத்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரொட்டியில் இருக்கிற அதே கை. இப்படி ஒரு மௌனத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவன் நெற்றியில் வேர்க்க வேர்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"போனேன்" என்றான்.

"எங்க போனீங்க? முழுசாச் சொல்லுங்க."

"சுரப்பி தொங்குதுன்னு நினைச்சேன். கொஞ்சம் வெட்டிட்டு, மீதியை மேல தூக்கி எலும்போட கட்டினேன். வெளி மூலையில, புருவத்துக்கு நேர் கீழ."

"வெட்டும்போது எப்படி இருந்துது?"

"கெட்டியா இருந்துது."

"சுரப்பி கெட்டியாவா இருக்கும்?"

"இருக்காது. சந்தேகம் வந்துது."

"வெட்டினது எங்க?"

"குப்பையில."

ராயூன் தன் அப்பாவை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சந்தேகம் வந்துதுன்னா லேபுக்கு அனுப்ப வேண்டியதுதானேப்பா. ஏன் அனுப்பலை?"

அவன் தரையைப் பார்த்தான். எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் தங்கைக்கு வேண்டியது அவன் வாய்.

"அனுப்பியிருந்தா, என் கை அங்க போகும்னு ஆயிடும்."

"ஆயிட்டா என்ன?"

"முன்னாடி ஒரு கேஸ் இருந்துதும்மா. என் கை அங்க போனதே இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தேன்."

"அதுக்காக என்னோடதைக் குப்பையில போட்டியா?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அந்தக் கேஸ் என்னாச்சு?"

"தெரியலைம்மா. அதுக்கப்புறம் விசாரிக்கலை."

சோல்மி எழுந்து வந்தாள். மேஜைக்கு எதிரே நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சிலிக்கான் கண்ணும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

"இதான் ஆச்சு" என்றாள்.

ராயூன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் திருப்பிக்கொண்டான். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து என் தங்கையின் முன்னால் மண்டியிட்டான். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் மாட்டிக்கொண்டால் டிவியில் இப்படித்தான் மண்டியிடுவார்கள். ரொம்ப நன்றாகச் செய்தான்.

"மன்னிச்சுடும்மா."

"எந்திரிங்க. தரை அழுக்கு" என்றாள் சோல்மி. "மன்னிப்பு யார் கேட்டா? என் கண்ணுல உங்க கை போச்சா போகலையா? அதைச் சொல்லுங்க."

"போச்சு."

"சத்தமா. அன்னிக்கு அந்த ரூம்ல சொன்னீங்களே, டீ குடிச்சிக்கிட்டே. அந்தச் சத்தத்துல."

"என் கை போச்சு."

"இன்னொரு தரம். எங்கம்மா உங்களுக்கு வணக்கம் போட்டாங்க, அதுக்கு."

"என் கை போச்சும்மா." அவன் குரல் உடைந்துவிட்டது.

சோல்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சுவரிலிருந்து கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டாள். "காபி ஆறிடுச்சு. கிளம்புங்க."

அவன் கதவருகே நின்று மகளைக் கூப்பிட்டான். "வா, போலாம்." ராயூன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சோல்மியிடம், "அக்கா, இங்க டிஷ்யூ இருக்கா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை கில் அந்த இடத்தைத் திறந்தாள். பழைய தழும்பு, கட்டிய இடத்து எலும்பின் மேலுறை, ஒவ்வொரு தீவு என்று பொறுக்கியெடுத்து அனுப்பினாள். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றில்கூடப் புற்று இல்லை. கண் இருந்த இடத்தில் இருக்கிறது. இமை கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், அந்தக் கண்ணில் கண்ணீர் குறைவாகத்தான் வரும், திரும்ப முளைக்கிறதா என்று ஆயுசு பூரா பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். போன் செய்தபோது கில் முதல் தடவையாக "நல்லா பாத்தே" என்றாள். எனக்கு அது போதவில்லை. அவன் இன்னும் கிளினிக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கட்டுப் பிரித்த மறுநாள் சோல்மி போன் செய்தாள். "அக்கா, அந்தாள் கிளினிக் பக்கத்தை உடனே பாரு."

பார்த்தேன். முதல் படத்தில் 'முன்', தூங்கி வழிகிற முகம். இரண்டாவதில் 'பின்', மலர்ந்த கண்கள். மூன்றாவது படம் புதிது. தையலோடு, நீலமும் கறுப்புமாக வீங்கிய இமையோடு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு ராயூன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே 'அதற்கும் பின்'. எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு எழுத்தும் மாறாமல், அதே பழைய வரி: 'என் மகளுக்குச் செய்த அதே கை.'

பாஸ்வேர்டு மகளிடம் மட்டும்தான் இருந்தது. அவனால் எடுக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் புசான் பூராவும் பார்த்துவிட்டது. அவன் கிளினிக் போன் ஓயாமல் அடிக்கிறதாம், எடுப்பார் இல்லையாம். சொமியோன் ஸ்டேஷனில் ஏணி போட்டுச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்ததை நானே நின்று கடைசி வரை பார்த்தேன். இரண்டு ரயிலை விட்டேன்.

அங்கிருந்து நேராகச் சோல்மியின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. பெரிய கண்ணாடிக்கு முன்னால், முடி வெட்டும் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி மடியில் இருந்தது.

"அந்தப் பொண்ணு நாலாவது படம் கேக்கறா" என்று தன் போனை என்னிடம் கொடுத்தாள். "நான் தரேன்னுட்டேன். எடு."

நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் முகம் திரையில் நிறைந்தது.

"சிரிக்கட்டுமாக்கா?"

"சிரி" என்றேன்.

பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எடுத்தேன்.